பள்ளி

இரவுப் பணி முடிந்து ஆறே முக்காலுக்கு
ஐந்து ரோடு பாலத்தடியில் கூடினோம்.
பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர்.
வந்தது ஏழு.
ஐ.சி.யூ. செந்தாமரை சீருடைக்கு மேலேயே
மஞ்சள் துப்பட்டா போட்டிருந்தாள்.
ரெஜினாவின் பையில் யாருடைய எக்ஸ்ரேவோ
நீட்டிக்கொண்டிருந்தது.
"அத எதுக்குடி தூக்கிட்டு வந்த?"
"மறந்துட்டேன். அந்த எலும்பும் டூர் வரட்டும்."

வேன் மாதேஸுடையது.
வாழப்பாடியில் டீ. அதோடு பேச்சும் தீர்ந்தது.
ஆத்தூர்ப் பக்கம் களங்களில்
ஜவ்வரிசி காய்ந்தது,
கண் கூசும் வெள்ளை.
விடிய விடிய விரிப்பு மாற்றியவர்கள்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தியாகனூரில் புத்தர் பூட்டியிருந்தார்.
சாவிக்காரர் கிழங்கு பிடுங்கப் போயிருக்கிறார்,
வந்துருவாரு, என்றது
நிற்காமல் போன ஒரு சைக்கிள்.
கம்பி வழியாகப் பார்த்தோம்.
பிசியோதெரபி நல்லமுத்து மட்டும்
நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"முதுகப் பாருங்க.
இத்தன வருசம் உக்காந்தும்
ஒரு டிஸ்க் நகரல."

கையேடு அச்சடித்தவன் நான்.
லேபில் மிஞ்சிய தாள்.
ஒரு பக்கம் ஆறகளூர் ஆண்ட வாணகோவரையர்,
மறுபக்கம் யாருடைய ஹீமோகுளோபினோ,
ஒன்பது புள்ளி இரண்டு.

"உக்காருங்க, வாசிக்கிறேன்" என்றேன்.
உட்கார வைத்ததுதான் தப்பு.
'துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர்'
என்ற முதல் வரிக்கே
செந்தாமரை தூணில் சாய்ந்தாள்.
மும்தாஜ் அவள் தோளில்.
ரெஜினா எக்ஸ்ரேயைத் தரையில் விரித்து
அந்த விலா எலும்புகள்மேல் தலை வைத்தாள்.
நல்லமுத்து கூட, முதுகை மறந்து, சுருண்டார்.
மூன்றாம் பத்தியைக் கேட்க
நானும் அவரும்தான்.
அவருக்கும் பாதிக் கண் மூடியிருந்தது.

எழுப்பியிருக்கலாம்.
பன்னிரண்டு மணிக்கு ஆறகளூர் என்று
பச்சை மையில் அடிக்கோடிட்டிருந்தேன்.
வெயில் படியேறி வந்து
செருப்புகளைத் தொட்டது.
யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள்.
பள்ளி என்றால் படுக்கையும்தானே,
அதைக் கையேட்டில் சேர்க்க விட்டுப்போயிற்று.

அப்போதுதான் பார்த்தேன்,
செந்தாமரையின் வலது கை
தூக்கத்துக்குள் மூடித் திறந்தது.
மூடித் திறந்தது.
ஒரே அளவு. ஒரே இடைவெளி.
நேற்றிரவு பதினேழாம் படுக்கைக்கு
நாற்பது நிமிடம் காற்றுப்பையை அழுத்தியிருக்கிறாள்.
பிறகு என்ன ஆயிற்று என்று
வேனில் யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டோம்.

என் பையில் ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்று கிடந்தது.
அந்தக் கையில் வைத்தேன்.
இரண்டு முறை அழுத்தியது.
அப்புறம் பிடித்துக்கொண்டது.

இரண்டரைக்குச் சாவிக்காரர் வந்தார்,
முழங்கைவரை செம்மண்.
படுத்துக் கிடந்தவர்களை எண்ணினார்.
எந்த ஊரு என்றுகூடக் கேட்கவில்லை.
பூட்டைச் சத்தமில்லாமல் கழற்றி
இடுப்பில் செருகிக்கொண்டு
வரப்போரம் போய் பீடி பற்றவைத்தார்.

ஆறகளூர் போனபோது இருட்டத் தொடங்கிவிட்டது.
ஆறு அகழி இருந்ததாம், பெயரே அதனால்தான் என்கிறார்கள்.
மாதேஸ் ஹெட்லைட் போட்டு ஒரு பள்ளத்தைக் காட்டினார்.
ஆகாயத்தாமரை. ஒரு கொக்கு. பிளாஸ்டிக் குடம்.
"இது அகழிதானா?"
"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."
"மீதி அஞ்சு?"
"எட்டு மணிக்கு டூட்டின்னு சொன்னீங்களே."

திரும்பும் வழியில் செந்தாமரை
உள்ளங்கையை முகர்ந்தாள்.
"இத யாரு எங்கிட்ட குடுத்தது?"
நான் தாளைத் திருப்பி
ஒன்பது புள்ளி இரண்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.
அவளே உரித்தாள். பத்துச் சுளை.
ஓட்டிக்கொண்டிருந்த மாதேஸுக்கு வாயில் ஊட்டியது போக
ஆளுக்கு ஒன்று.

இரண்டு மிஞ்சின.
அயோத்தியாப்பட்டணம் தாண்டியும்
தோலின் மேலேயே இருந்தன,
ஆட ஆட, ஒன்றையொன்று
உரசிக்கொண்டு.